சங்கு நின்றுபோன மில்லை ஊருக்குத் திருப்பித் தருவது எப்படி

மூடிக் கிடக்கும் மில்லைப் பார்க்க வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, “கேட் சாவி யாரிடம் இருக்கிறது?” என்றுதான். அந்தப் பதிலிலேயே பாதி நிலவரம் தெரிந்துவிடும். வங்கியிடம் இருந்தால் அடமானம் மூழ்கிவிட்டது. லிக்விடேட்டரிடம், அதாவது கம்பெனியைக் கலைக்க நியமித்தவரிடம், இருந்தால் வழக்கு நடக்கிறது. வாட்ச்மேனிடம் இருந்தால் அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். மூன்று பங்காளிகள் மூன்று பூட்டு போட்டிருந்தால் கட்டட வேலையைப் பற்றி இப்போதைக்குப் பேசவே வேண்டாம், பாகப்பிரிவினை முடியட்டும்.

நான் புளியந்தோப்பில் பிறந்தவன். அப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். பின்னி என்பது இரண்டு மில்கள் சேர்ந்தது: பக்கிங்ஹாம் மில் 1876-ல் வந்தது, கர்நாடிக் மில் 1882-ல், இரண்டும் 1920-ல் ஒன்றாயின. 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் ஆட்களை வைத்துத்தான் தொடங்கியது. 1996-ல் மில் மூடியபோது நான் பம்பாயில் இருந்தேன். ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை, அங்கே மில்கள் நிறைந்த லோயர் பரேல் பகுதியில் டேப் பிடித்து அளவெடுப்பது. அங்கே செத்துக்கொண்டிருந்த மில்களை நான் வரைபடமாக்கிக்கொண்டிருந்த நாளில் இங்கே அப்பாவின் மில்லும் நின்றது. பின்னி வளாகம் பிறகு பல ஆண்டு சினிமாப் படப்பிடிப்புக்குத்தான் பயன்பட்டது. அந்த மதில் ஓரமாக நடக்கும்போதெல்லாம், முறையாகச் செய்திருந்தால் இந்த இடம் வட சென்னைக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு வரும். அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊரில் ஒரு பழைய மில்லோ, மில்கள் நிறைந்த ஒரு பகுதியோ மூடிக் கிடந்தால், நீங்கள் கவுன்சிலரோ, நகராட்சி அதிகாரியோ, வாரிசுதாரரோ, பழைய தொழிலாளியோ, யாராக இருந்தாலும் இது உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணமும் தனியார் பணமும் சேராமல் இந்த வேலை நடக்காது. மில் வளாகம் பெரியது, சேதம் பெரியது, கடனும் பெரியது. ஆனால் இரண்டும் எந்த வரிசையில் வருகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரசு எதையாவது கொடுப்பதற்கு முன், அது சாலையோ, கூடுதல் மாடி கட்டும் அனுமதியோ, நிலப் பயன்பாட்டு மாற்றமோ எதுவானாலும், பதிலுக்கு ஊருக்கு என்ன வேண்டும் என்பதை எழுதி வாங்கிவிட வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது. இதை நான் மும்பையில் நேரில் பார்த்தேன்.

காகிதம்

முதல் ஆறு மாதம் செங்கல்லைத் தொடாதீர்கள். மூலப்பத்திரம், டவுன் சர்வே பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுங்கள். வில்லங்கம் பதின்மூன்று வருடத்துக்குப் போட்டால் போதாது, மில் தொடங்கிய நாள் வரைக்கும் போக முடிந்த அளவு போங்கள். பழைய மில் நிலங்களில் ஒரு பகுதி கிரையம் வாங்கியதாக இருக்கும், ஒரு பகுதி குத்தகையாக இருக்கும், ஒரு பகுதியைத் தொழில் நடத்துவதற்கென்று நிபந்தனையோடு அரசு கொடுத்திருக்கும். அந்த நிபந்தனைதான் பேச்சுவார்த்தையில் ஊரின் முதல் பிடி. அதைத் தேடாமல் விட்டுவிட்டால் பிடி கைநழுவிப் போகும்.

அப்புறம் கடன் பட்டியல். வங்கி, மின்வாரியம், சொத்துவரி, பி.எஃப்., கிராஜுவிட்டி. இதில் தொழிலாளர் பாக்கியைத் தனித் தாளில் எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, கம்பெனி கலைக்கப்படும்போது கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் வங்கிக் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும். பல தொழிலாளர்களுக்கு இது தெரியாது. நிரந்தரத் தொழிலாளிக்குப் பதிலாக வேலை பார்த்த பதிலி ஆட்களின் பெயர் பதிவேட்டில் சரியாக இருக்காது. பி.எஃப். சீட்டு, சங்க அட்டை, கேன்டீன் டோக்கன், என்ன இருந்தாலும் கொண்டுவரச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையில் வேறொன்றும் கிடைக்கும். எந்தச் சுவருக்குப் பின்னால் கிணறு மூடப்பட்டது, எண்ணெய்த் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

அளவெடுப்பும் மண்ணும்

மில் கட்டடத்தை அளப்பவர் கூரையில் இருந்து தொடங்க வேண்டும். நெசவு ஷெட்டின் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும், கண்ணாடிப் பக்கம் வடக்கைப் பார்த்திருக்கும். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் சமமாக வருவதற்காக அப்படிக் கட்டினார்கள். இந்தக் கூரைகளைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் பல இடங்களில் உள்ளே குழலாக இருக்கும். கூரைப் பள்ளத்தில் சேரும் மழைநீர் அந்தத் தூணுக்குள்ளேயே இறங்கி நிலத்தடி வடிகாலுக்குப் போகும். மில் மூடிய பிறகு இலையும் புறாக் கூடும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தூணுக்குள் தேங்கி, இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே வர்ணம் நன்றாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், அடிப்பாகத்தில் துளையிட்டுத் தடிமன் அளக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனை இல்லாமல் வரும் “கட்டடம் பலவீனம், இடிக்கலாம்” என்ற சான்றையும் நம்பாதீர்கள், “உறுதியாக இருக்கிறது” என்ற சான்றையும் நம்பாதீர்கள்.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். இதன்மேல் சிமென்ட் பூசக் கூடாது. கொங்குப் பகுதியில் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம், மில்லின் முகப்பை அழகுபடுத்தச் சிமென்ட் பூசி, வர்ணம் அடித்து, கலர் விளக்கு போட்டது. சுவருக்குள் இருந்த ஈரம் வெளியே மூச்சுவிட வழியில்லாமல் இரண்டே மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. கூடவே செங்கல்லின் முகமும் உரிந்தது. நூறு வருடம் நின்ற சுவர் அது. அந்தத் திட்டக் கூட்டத்தில் நானும் இருந்தேன், அழுத்தமாகத் தடுத்திருக்க வேண்டும், செய்யவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், அவரோடு நான்கு இளைஞர்களைப் பழக விடுங்கள். பழைய வளாகம் முடிவதற்குள் ஊருக்கு ஒரு தொழிலும் வந்திருக்கும்.

மண் சோதனையை முன்வாசலில் மட்டும் செய்து முடித்துவிடுகிறார்கள். அது அஸ்திவாரத்துக்கான சோதனை. நமக்கு வேண்டியது நச்சுச் சோதனை. சாயப்பட்டறை, பாய்லர் சாம்பல் குழி, டிரான்ஸ்பார்மர் மேடை, எண்ணெய்க் கிடங்கு, கழிவுநீர்த் தொட்டி, இந்த ஐந்து இடத்திலும் தனித்தனியாக மண்ணும் நிலத்தடி நீரும் எடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் உடைக்கவே கூடாது. நனைத்து, முழுத் தகடாக இறக்கி, உறையிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். காயலான் கடைக்காரர் ஒரே நாளில் நொறுக்கித் தருகிறேன் என்பார். அந்தத் தூசு அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குத்தான் போகும்.

மண் கெட்டிருந்தால் முழுவதையும் தோண்டி எடுக்கப் பணம் இருக்காது. ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரத்தில் 1985-ல் மூடிய இரும்பு உருக்காலையை, பீட்டர் லாட்ஸ் என்ற நிலக்காட்சி வடிவமைப்பாளர் பூங்காவாக்கினார். மோசமான மண்ணைப் பதுங்கு அறைகளில் மூடி வைத்தார், ஓரளவு கெட்ட இடங்களில் தானாக முளைக்கும் செடிகளை வளர விட்டார், உலைகளை அப்படியே நிறுத்தினார். பழைய எரிவாயுத் தொட்டியில் இன்று தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். எங்கே மண் சுத்தமோ அங்கே வீடு, எங்கே சந்தேகமோ அங்கே கெட்டித் தளம் போட்ட வாகன நிறுத்தம் அல்லது மூடிய மேடு. வரைபடம் போடும் முன்பே இந்தப் பிரிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

மும்பையில் என்ன நடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் பேசப்படும் பேச்சு எல்லாம் அங்கே பேசி முடித்ததுதான்.

1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பல மில்கள் அதற்குப் பிறகு முழுதாக எழவே இல்லை. நகரத்தின் நடுவில் சுமார் 600 ஏக்கர் மில் நிலம். 1991-ல் அரசு ஒரு நல்ல விதி போட்டது. மில் நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கும் மைதானத்துக்கும் மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு ஏழைகளுக்கான வீட்டுக்கு வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதி உரிமையாளருக்கு. 1996-ல் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையில் ஒரு குழு, அரசு நிறுவனமான தேசிய பஞ்சாலைக் கழகத்தின் 25 மில்களையும் ஒன்றாகப் பார்த்துத் திட்டம் கொடுத்தது. தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொரு மில்லிலும் துண்டு துண்டாகத்தான் பூங்கா வரும், சேர்த்துப் பார்த்தால் சாலையும் திறந்தவெளியும் தொடர்ச்சியாக வரும் என்பதே அதன் சாரம். நான் அந்த நாட்களில் அளவெடுத்த தாள்களை நினைத்தால் இப்போதும் மனது கனக்கும். அவ்வளவு நல்ல வாய்ப்பு அது.

2001-ல் விதியில் ஒரு திருத்தம் வந்தது. முழு நிலத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டாம், கட்டடம் இல்லாமல் காலியாக இருக்கும் நிலத்தை மட்டும் பிரித்தால் போதும் என்றாயிற்று. மில் வளாகத்தில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? ஷெட்டுக்கு நடுவில் இருக்கும் முற்றமும் லாரி நிற்கும் இடமும்தான். பழைய ஷெட்டை இடித்துக் கோபுரம் கட்டினாலும் அந்த நிலம் பங்குக் கணக்கில் வராது. ஊரின் பங்கு சுருங்கிப் போனது. மும்பை உயர்நீதிமன்றம் 2005-ல் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திருத்தத்தை நிலைநிறுத்தியது. ஒரே ஒரு வார்த்தைக்கு என்ன பொருள் என்பதில் நூற்றுக்கணக்கான ஏக்கர் கைமாறிப் போயிற்று. அதனால்தான் ஒப்பந்தத்தில் “நிலம்” என்று எழுதினால் போதாது, எந்த சர்வே எண், எத்தனை சதுர மீட்டர், எந்தப் பக்க எல்லை என்று எழுதுங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு விண்ணப்பித்த மில் தொழிலாளர்கள், வாரிசுகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர். குலுக்கலில் இதுவரை வீடு கிடைத்தவர்கள் அதில் சிறு பங்குதான். மறுபக்கம் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன, அதில் வேலைக்கு வருபவர்கள் அனைவரும் மில் காலத்து ரயில் நிலையங்களில் அதே குறுகலான படிகளில் இறங்கினார்கள். 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அந்தப் படியில் நான் ஆயிரம் முறை ஏறி இறங்கியிருக்கிறேன். அதே வருடம் டிசம்பரில் ஒரு மில் வளாகத்துக்குள் இருந்த மாடி உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். நிலத்தை விற்ற பணத்தில் முதலில் அகலப்படுத்தியிருக்க வேண்டியது அந்தப் படிகளைத்தான்.

அரசுப் பணம் முதலில் எங்கே போக வேண்டும்

தரைக்கு அடியில். மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், குடிநீர், மின் கேபிள். அடுத்தது சாலையும் நடைபாதையும், பஸ் நிறுத்தமும். கட்டடத்துக்குப் பணம் அப்புறம்தான். பின்னி மில் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ஓடுகிறது. மழைக்காலத்தில் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தக் கால்வாயைத் தூர்வாரி, கரையை உயர்த்தாமல் பக்கத்தில் என்ன கட்டினாலும் தண்ணீர் பழைய தெருக்களுக்குள்தான் திரும்பும். புதிய வளாகம் மேடாகும், பழைய தெரு பள்ளமாகும். இதை அனுமதிக் கட்டத்திலேயே தடுக்க வேண்டும். வளாகத்தின் தரைமட்டம் சுற்றியுள்ள தெருவைவிட எவ்வளவு உயரலாம் என்று சென்டிமீட்டரில் எழுதுங்கள். வளாகத்தில் விழும் மழை வளாகத்துக்குள்ளேயே தேங்கி இறங்கும் அளவுக்குக் குளமும் உறிஞ்சு குழியும் கேளுங்கள்.

லண்டனில் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்குப் பின்னால் 67 ஏக்கர் ரயில்வே சரக்கு முற்றமும் நிலக்கரிக் கிடங்கும் பாழாகக் கிடந்தது. அங்கே முதலில் வந்தது அரசு முதலீடு: செயின்ட் பாங்கிராஸுக்கு வந்த அதிவேக ரயில், 2007-ல் திறந்தது. நிலத்தின் ஒரு பங்கு அரசுச் சார்பான ரயில் நிறுவனத்திடம் இருந்தது. அதைச் சல்லி விலைக்கு விற்றுவிட்டுப் போகாமல், தனியார் நிறுவனத்தோடு கூட்டாளியாக உள்ளே நின்றார்கள். நிலத்தின் மதிப்பு ஏறிய பிறகு 2016-ல்தான் அந்தப் பங்கை விற்றார்கள். நம் ஊரில் அரசு நிலம் என்றால் ஒன்று பூட்டி வைப்பார்கள், இல்லையென்றால் ஏலத்தில் விற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பங்காளியாக இருப்பது என்று ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் போகும் இடமெல்லாம் சொல்கிறேன்.

சின்ன ஊருக்கு இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1996-லேயே அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் சேர்ந்து தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் அமைந்தது. தனியாகக் கடன் பத்திரம் வெளியிட முடியாத 13 உள்ளாட்சிகள் சேர்ந்து குடிநீருக்காக ஒரே பத்திரத்தில் சுமார் 30 கோடி ரூபாய் திரட்டினார்கள். வடிகாலுக்கும் சாலைக்கும் அந்த வழியில் போகலாம். ஆனால் கடனைத் திருப்ப வருமானம் வேண்டும், அதற்கு வளாகத்தில் இருந்து வரப்போகும் கூடுதல் சொத்துவரியைத் தனிக் கணக்கில் போடத் தீர்மானம் நிறைவேற்றி வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் அடுத்த கமிஷனர் காலத்தில் எங்கே போனது என்று தெரியாது.

உரிமையாளரோடு பேச்சு

அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவருக்கும் வங்கி நெருக்குகிறது. அவர் சொல்லும் முதல் வாதம், “ஷெட்டை வைத்துக்கொண்டால் எனக்குக் கட்டும் பரப்பு போய்விடும்.” தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நான் போடும் உத்தேசக் கணக்கு இது.

வளாகம் 15 ஏக்கர், அதாவது சுமார் 60,700 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் கட்டக்கூடியது 1,21,400 சதுர மீட்டர். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்பதால் தமிழ்நாட்டு விதிப்படி 10 சதவீதம், சுமார் ஒன்றரை ஏக்கர், திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுத வேண்டும். நல்ல ஷெட்டுகள் மூன்று ஏக்கரில் நிற்கின்றன என்று வையுங்கள், ஒரே தளம், சுமார் 12,100 சதுர மீட்டர். மீதி 1,09,300 சதுர மீட்டரை மிச்சமுள்ள பத்தரை ஏக்கரில் கட்ட வேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் பார்த்தால் குறியீடு இரண்டரைச் சொச்சம் வரும். பின்பக்கம் சில மாடி உயர்த்தினால் அடங்கிவிடும். சாலை அகலம் இருந்து உயர்மாடி அனுமதி கிடைத்தால் குறியீடு 3.25 வரை போகலாம், அப்போது ஷெட் ஒரு தடையே இல்லை. அவர் ஒரு சதுர அடிகூட இழக்கவில்லை. முகப்பில் பழைய கட்டடமும் புகைபோக்கியும் நிற்பதால் பின்னால் விற்கும் வீட்டுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

இங்கே இரண்டு இடத்தில் கண்ணை விழித்திருங்கள். ஒன்று, அந்த 10 சதவீதத் திறந்தவெளி. மதில் ஓரமாக மூன்று மீட்டர் அகலத்துக்கு நீளமாக ஒரு கீற்றை ஒதுக்கிக் காட்டுவார்கள். ஏற்காதீர்கள். தெருவைப் பார்த்த இடம், பெரிய மரம் இருக்கும் இடம், புகைபோக்கி நிற்கும் முற்றம், அதைக் கேளுங்கள். மைதானமாகப் பிள்ளைகள் ஓடி விளையாடும் வடிவத்தில் கேளுங்கள். இன்னொன்று, கட்டும் வரிசை. முதலில் விற்பனைக்கு வீடு, கடைசியில் பழைய ஷெட்டைச் சீரமைப்பது என்று அட்டவணை வரும். அந்தக் கடைசி ஒருபோதும் வராது. முதல் கட்ட நிறைவுச் சான்றிதழ் வேண்டுமென்றால் ஷெட்டுக்குக் கூரை போட்டு முடித்திருக்க வேண்டும், திறந்தவெளியைப் பதிவு செய்து ஒப்படைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனையை அந்தச் சான்றிதழோடு கட்டிவிடுங்கள். கட்டும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும், மண் சுத்திகரிப்பு அட்டவணையை அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

யாரை முதலில் உள்ளே கொண்டுவருவது

வாடகை அதிகம் தருபவரை முதலில் கொண்டுவராதீர்கள். தினமும் ஆள் வரவைப்பவரைக் கொண்டுவாருங்கள். கிங்ஸ் கிராஸில் 1852-ல் கட்டிய தானியக் கிடங்குக்குள் 2011-ல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி வந்தது. சுற்றிலும் இன்னும் கிரேன்தான் நின்றது, ஆனால் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் நடந்து போனார்கள், டீ குடித்தார்கள், இடத்துக்கு உயிர் வந்தது. அதற்கும் முன்பே, கட்டட வேலை நடக்கும் இடங்களில் குப்பைத் தொட்டி மாதிரியான பெரிய இரும்புப் பெட்டிகளில் மண் நிரப்பிக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். வேலை அந்தப் பக்கம் வரும்போது பெட்டிகளைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். 2012-ல் திறந்த சதுக்கத்தில் தரையில் இருந்து 1,080 நீர்த்தாரைகள். டிக்கெட் இல்லை. பக்கத்து அரசுக் குடியிருப்புப் பிள்ளைகள் வந்து நனைந்து விளையாடுகிறார்கள்.

நம் ஊரில் இதற்குச் சமமானது ஐ.டி.ஐ., அரசு நூலகம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான படிப்பு மையம், வாரச் சந்தை. வடக்கு வெளிச்சம் விழும் நெசவு ஷெட்டைவிடப் படிப்பதற்கு நல்ல இடம் கிடையாது. கட்டடம் முழுக்கத் தயாராகும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு ஷெட்டுக்குக் கூரையும் கழிப்பறையும் விளக்கும் போட்டு, முதல் வருடமே சனிக்கிழமை சந்தையைத் தொடங்கிவிடுங்கள். பெண்கள் வந்து போகும் இடமானால் மட்டும்தான் அந்த வளாகம் பிழைக்கும், அதனால் கழிப்பறையில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பெரிய ஒரே கம்பெனியை நம்பி எல்லாவற்றையும் வைக்கவும் கூடாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் ஊர் இதற்கு நல்ல பாடம். மெரிமாக் ஆற்று நீர்வீழ்ச்சியில் இருந்து கால்வாய் வெட்டி மில் ஓட்டிய ஊர். இருபதாம் நூற்றாண்டில் மில்கள் போய்ப் பாழாயிற்று. கால்வாய்களை மூடிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், பாட்ரிக் மோகன் என்ற பள்ளிக் கல்வி அதிகாரி ஊரையே ஒரு பாடப்புத்தகமாகப் பார்க்கலாம் என்று பேசத் தொடங்கினார். 1975-ல் உள்ளூர் வங்கிகள் சேர்ந்து பணம் போட்டுக் குறைந்த வட்டிக் கடனுக்கு ஒரு நிறுவனம் அமைத்தன. 1978-ல் மத்திய அரசு அந்த ஊரைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தது. பழைய கட்டடத்தை முறையாகப் புதுப்பித்தால் செலவில் ஒரு பங்கை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற சட்டம் தனியார் பணத்தை இழுத்து வந்தது. அந்தச் சலுகை இன்று 20 சதவீதம். பூட் மில்லில் 1992-ல் திறந்த அருங்காட்சியகத்தில் தறிகள் ஓடுகின்றன. உள்ளே போனால் காது அடைக்கும். அப்பா வீட்டில் ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசினார் என்பது எனக்கு அங்கே போனபோதுதான் விளங்கியது.

அதே லோவலில் வாங் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி பெரிய கோபுரங்கள் கட்டி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. 1992-ல் அது திவால் ஆனது. சுமார் 6 கோடி டாலரில் எழுந்த கோபுரங்கள் 1994-ல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போயின. ஊர் ஆடியது, ஆனால் விழவில்லை. ஏனென்றால் பூங்காவும் பல்கலைக்கழகமும் மில்களுக்குள் வந்த வீடுகளும் சின்னக் கடைகளும் தனித்தனிக் கால்களாக நின்றன. உங்கள் வளாகத்தில் எந்த ஒரு வாடகைதாரரும் மொத்தப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது என் சொந்த அளவுகோல், எந்த விதியிலும் இல்லை.

தெருவில் ஏற்கெனவே இருக்கும் லேத் பட்டறை, டிபன் கடை, தையல் கடை இவர்களுக்கு வளாகத்துக்குள் ஒரு வரிசையைப் பழைய வாடகையில், குறைந்தது ஒன்பது வருடக் குத்தகையில் பதிவு செய்து கொடுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் இரண்டாம் வருடமே அவர்கள் வெளியே இருப்பார்கள். மில் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருப்பவர்களை வேறு ஊர் எல்லைக்கு அனுப்பும் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் எதிர்த்து நில்லுங்கள். அவர்களுக்கான வீடு அதே வளாகத்தில், முதல் கட்டத்தில் வர வேண்டும்.

பராமரிப்பு

திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் இதைக் கேட்பதில்லை. வளாகத்தில் இடம் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் சதுர அடிக் கணக்கில் மாதச் சந்தா வாங்கும் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். உள்ளாட்சிக்கு ஒரு இடம், உரிமையாளருக்கு ஒன்று, கடைக்காரர்களுக்கு ஒன்று, பழைய தொழிலாளர்களுக்கு ஒன்று, சுற்றுத்தெருப் பெண்களுக்கு இரண்டு. திறந்தவெளியின் கேட் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை திறந்திருக்க வேண்டும் என்று தானப்பத்திரத்திலேயே எழுதுங்கள், இல்லையென்றால் பாதுகாப்புக் காரணம் என்று ஒருநாள் பூட்டு விழும். புகைபோக்கிக்கு இடிதாங்கியும் சாய்வு அளவீடும் வருடம் ஒருமுறை. அப்புறம், புரட்டாசி கடைசி வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, இரண்டு ஆட்களைக் கூரையில் ஏற்றி, ரம்பப் பல் பள்ளங்களில் இருக்கும் இலையைக் கூட்டி, ஒவ்வொரு தூணின் வாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது கீழே வடிகாலில் வந்து விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு ஆட்களின் கூலியை வருடாந்திர பட்ஜெட்டில் தனிச் செலவாகக் காட்டுங்கள்.